மெழுகுக் கால்

பூட்டிய கோயிலுக்குள் போவதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தாராவியில் எங்கள் மாதா சபைப் பெண்களுக்கு அன்று ஒரே கொண்டாட்டம். கடலோரக் குன்றின் மேலிருக்கும் பழைய மாதா கோயிலில், சாயங்கால ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்து கதவைச் சாத்திய பிறகு, அங்கே வேலை பார்க்கும் கோவாக்காரப் பெரியவர் உள்ளே எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவாராம். அறுபதுகளின் நடுவில், மழை விட்டிருந்த சமயம். என் பிள்ளை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

"வீட்டுக்குள்ளயே குத்தவச்சுக் கெடந்தா ஆச்சா? சேலைய மாத்துட்டி, பஸ்ஸு போயிரும்" என்று மைனி என்னைக் கிளப்பினாள். மைனி என் வீட்டுக்காரரின் அக்காள். எனக்குப் பத்து வருடம் முன்பே பம்பாய்க்கு வந்தவள். இந்தி தண்ணீர்பட்ட பாடு என்பதால், பெரியவர் சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்ல அவளைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

என் மகளுக்கு நாலு வயது. தோல் ஷாப் சந்தில் ஆணியை மிதித்துவிட்டாள். கால் வீங்கிவிட்டது. டாக்டர் ஊசி போட்டார். நான் இதே குன்றுக்கு ஓடிவந்தேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை மெழுகில் செய்து வாசல் கடைகளில் விற்பார்கள். அதை வாங்கி மாதா முன்னால் வைக்க வேண்டும். கை, கால், கண், முழுப் பிள்ளை எல்லாம் கிடைக்கும். கால்தானே வீங்கியிருக்கிறது என்று நான் ஒரு காலை வாங்கி வைத்தேன். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. காய்ச்சல் விடவில்லை. ஏழாம் நாள் பிள்ளை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே மைனி சொன்னாள்: "முழுப் பிள்ளைய அல்லவாட்டி வாங்கி வச்சிருக்கணும்? நீ காலக் கேட்ட. மாதா காலத் தந்துட்டா."

வேறு சமயமாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. அதோடு என் அழுகை நின்றுபோனது. சோறு வடித்தேன், குழாயடியில் சண்டை போட்டேன், எதுவும் உறைக்கவில்லை. படுத்துக் கண்ணை மூடினால் மட்டும் அந்தக் கடைக்குத் திரும்பிப் போவேன். கால் வேண்டாம், முழுப் பிள்ளையைக் கொடு என்பேன். வாங்கி வைப்பேன். அவள் எழுந்து சந்தில் ஓடுவாள்.

அன்று கோயிலுக்குள் பெரியவர் கண்ணாடி ஜன்னல்களைக் காட்டினார், பழைய மரப் பீடத்தைக் காட்டினார். மைனி தன் சொந்த வீட்டைக் காட்டுகிறவள் மாதிரி எடுத்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். எனக்குப் பாதத்தில் தரை சில்லிட்டது மட்டும் தெரிந்தது. என் கண் மாதாவின் காலடியில் நான் வைத்த காலைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை, துடைத்து வைத்திருந்தார்கள்.

கடைசியில் பின்னறை. மெழுகு உருவங்கள் ஒரு சாக்கில் குவிந்து கிடந்தன. பக்கத்தில் அடுப்பு, அதன் மேல் கரிபிடித்த அண்டா. நான் உட்கார்ந்து சாக்குக்குள் கையை விட்டேன். கால்கள் மட்டும் ஏழெட்டு வந்தன. எல்லாம் ஒரே அச்சு.

"என்னத்தட்டி தேடுத?" என்றாள் மைனி.

"மூணு மாசத்துக்கு முந்தி நான் வச்ச கால் எங்கன்னு அவருகிட்ட கேளுங்க மைனி."

அவள் கேட்டாள். பெரியவர் சிரிக்கவில்லை. "சப் ஏக் ஹி மோம் ஹை, பாயி" என்றார் என்னைப் பார்த்து. பிறகு அண்டாவைக் காட்டி மெதுவாக ஏதோ சொன்னார். குழாயடியில் கற்ற இந்தியில் எனக்கும் பாதி புரிந்தது.

"என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்லட்டி. வா, நேரமாச்சு."

"அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க."

மைனி அண்டாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாம் ஒரே மெழுகுதானாம். காலு, கையி, பிள்ள, எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு உருக்கிருவாவளாம். மாதா உருவத்தப் பாக்க மாட்டாளாம். கொண்டுவந்த ஆளத்தான் பாப்பாளாம்."

"அப்ப நான் முழுப் பிள்ளைய வச்சிருந்தாலும்?"

"அப்பவும் அவ போயிருப்பாட்டி" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் கையை அவள் விடவே இல்லை. தப்பு என்மேல் இல்லை என்று அவள் வாயாலேயே வாங்கிவிட்டேன். மூன்று மாதமாக நான் தவித்தது அதற்குத்தான். வீட்டுக்கு வந்தேன், சோறு போட்டேன், பாய் விரித்தேன். படுத்துக் கண்ணை மூடினேன். முழுப் பிள்ளையைக் கேட்கத் திரும்பிப் போக அந்தக் கடை இல்லை.