வேப்பம்பூவும் அம்மன் பூவும்

பங்குனியில் வேம்பு பூத்தால் எனக்குத் தும்மல் நிற்காது. அந்தப் பங்குனியில்தான் மகள் கல்யாணத்துக்கு மாரியம்மனிடம் பூக் கேட்கப் போனோம். சிலைமேல் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். நடுவில் யாராவது தும்மினால் அபசகுனம். கோயிலைச் சுற்றி வேப்பமரங்கள். மாத்திரை போட்டு, மாஸ்க் மாட்டி, காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மகள் வந்து தட்டினாள். “நீங்க வராம பூக் கேக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். வாங்கப்பா.”

போய் மூச்சை அடக்கி நின்றேன். எல்லோரும் பூவையே பார்த்திருக்க, தும்மிவிட்டேன்.

“சகுனஞ் சரியில்லீங்களே” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“அப்பாவுக்கு வேப்பம்பூ ஆகாதுங்க மாமா. கல்யாணத்தன்னைக்கும் தும்முவாரு” என்றாள் மகள்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மறுபடியும் தும்மல்தான் வந்தது. அந்த நேரத்தில்தான் பூ விழுந்தது. கண்ணெல்லாம் நீர், எனக்கு எதுவும் தெரியவில்லை.

வலப்பக்கமாம்.