பொழுது சாய்ந்தால் சாப்பிடாத வாத்தியார்

அப்பாண்டைராஜ் என்ற பெயரைக் கஸ்தூரி முதலில் கேட்டது தலையாரியின் வாயிலிருந்து. எழுபத்தெட்டாம் வருஷம். வேங்கிக்கால் பக்கம் புறம்போக்கில் குடிசை போட்டிருந்த அவளுடைய நரிக்குறவர் கூட்டம், மனைப்பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த சமயம். "அப்பாண்டைராஜ்னு ஒரு வாத்தியார் வருவாரு. கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். ஆபீஸ் ஆள் வாயில் வரும் பெயர் நல்ல பெயராக இருக்குமா?

வாத்தியார் சைக்கிளில் டேப் ரெக்கார்டரோடு வந்தார். பிள்ளைகளுக்கு அவர்களுடைய வாக்ரிபோலியிலேயே பாடம் சொல்லவேண்டும், அந்தப் பாஷை அழியக்கூடாது என்றார். தண்ணீருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

"பாணி," என்றான் கஸ்தூரியின் புருஷன் ராமன்.

"குஜராத்துலயும் இதேதான். உங்க பாஷை அங்கேருந்து வந்ததுங்க."

கஸ்தூரி கோத்துக்கொண்டிருந்த பாசிமணியைக் கீழே வைத்தாள். பாஷை அங்கிருந்து வந்ததென்றால் ஆளும் அங்கிருந்து வந்ததாகத்தானே ஆகும்? வடக்கத்தியானுக்கு இங்கே எதற்குப் பட்டா என்று கேட்டுவிட்டால்?

சோறு போட்டு நீட்டினாள். கையால் வாங்கித் தின்றவன் கெடுதல் செய்யமாட்டான் என்பது அவர்கள் கணக்கு. வாத்தியார் வானத்தைப் பார்த்தார். "பொழுது சாஞ்சிட்டா நான் சாப்பிடறதில்லம்மா."

"என்னா சாமி, இருட்டினா உன் வாய் பூட்டிக்குமா?"

அவர் போனதும் ராமனிடம், "தின்னாதவன் போட்டுக் குடுத்துடுவான். வாயத் தொறந்தே, தொலைஞ்சே," என்றாள்.

பிறகு அவர் வரும்போதெல்லாம் குடிசைகள் ஊமையாயின. கஸ்தூரி மணி விற்கும் சாக்கில், உளவு பார்க்கக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் அவர் வீட்டுக்கே போனாள். சமணர் தெரு. வெயில் இருக்கும்போதே எல்லா வீட்டு அடுப்பும் அணைந்திருந்தது. வாத்தியார் பெண்சாதி சுனந்தா, "சீக்கிரம் சாப்பிடும்மா. பொழுது போனா இங்க யாரும் கை நனைக்கமாட்டோம்," என்றாள்.

சரி, அது பொய்யில்லை. ஆனால் பட்டா? வாத்தியார் வீடு திரும்பியதும் நேராகக் கேட்டாள். "எங்கள வடக்குனு ஆபீஸ்ல சொல்லுவியா சாமி?"

"சமணர்னதும் எங்களயே வடக்கேருந்து வந்த சேட்டுனு சொல்றவன் இருக்கான். எங்க பாட்டன் பூட்டன் மல்லாட்டை போட்ட நெலம் இங்கதான் கெடக்கு. நான் போய் அப்படிச் சொல்லுவனா?"

பாதிதான் நம்பினாள். கறி படாத புதுச்சட்டியில் கஞ்சி காய்ச்சி, உச்சிவெயிலில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை வாயையே பார்த்திருந்துவிட்டு, "டேப்பப் போடு," என்றாள். அவர்களுக்காகப் பட்டா கேட்டு அவர் தாலுகா ஆபீசுக்குப் போன நாளெல்லாம் ராமனையும் கூடவே ஒட்டி அனுப்பினாள்.

அங்கே இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டபோது, "வேங்கிக்கால்," என்றார் வாத்தியார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ராமன் வந்து சொன்னான். எண்பத்திரண்டில் பட்டா வந்தது.

அப்பாண்டைராஜ் இப்போது கீழ்பென்னாத்தூரில் மகள் கனகலதா வீட்டில் இருக்கிறார்.