நாற்பத்து மூன்றாவது வார்த்தை

உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் பன்னிரண்டு வருடமாக டைப் அடிக்கும் அவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் அவள் விரல்களுக்குத் தெரியாத வார்த்தை கிடையாது. அவளுக்குத்தான் எதற்கும் அர்த்தம் தெரியாது.

பதினோராம் வகுப்பு இங்கிலீஷ் வாத்தியார் வாராவாரம் ஐம்பது கடினமான வார்த்தைகளை எழுதிக்கொண்டு வருவார். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அன்று தாளில் டீ வேறு கொட்டியிருந்தது. நாற்பத்து மூன்றாவது வார்த்தை ஊறிப்போய்க் கிடந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. வாசலில் கூட்டம் நின்றது. கண்ணுக்குத் தெரிந்ததை அடித்தாள்: பிளம்போரியஸ்.

அதே வகுப்பில் படித்த அக்காவின் மகள் திங்கட்கிழமை அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நீ ரொம்ப பிளம்போரியஸா இருக்கேம்மா" என்றாள். கம்பீரமாக, ஆனால் கொஞ்சம் சோகமாக இருப்பது என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தாராம். அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. புதன்கிழமை வந்த இன்னொரு பெண், கடையின் பழைய மெஷினையும் அப்படியே சொன்னாள். அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. விற்பனைக்கு வைத்திருந்த தடித்த அகராதியைப் பிரித்துத் தேடினாள். அப்படி ஒரு வார்த்தையே இல்லை.

ஆசிரியர் அறைக்குப் போய் நடந்ததை ஒப்புக்கொண்டாள். வாத்தியார் தான் எழுதிய தாளைத் தேடி எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் விளங்கவில்லை.

"அப்போ அந்த அர்த்தம் எங்கேருந்து வந்துச்சு சார்?"

அவர் கதவைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஒரு பொண்ணு கேட்டுட்டா. நாப்பது பேரு என்னையே பார்க்கிறாங்க. தெரியாதுன்னு எப்படிம்மா சொல்றது?"

மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்பதாக இல்லை. அந்த வாரத் தேர்வில் மற்ற வார்த்தைகளில் தடுமாறியவர்கள்கூட அந்த ஒன்றைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டார்.

அக்கா அதோடு விடவில்லை. அகராதியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்த்த பிறகே அடித்தாள். அடுத்த பட்டியலில் வாத்தியார் செய்திருந்த மூன்று எழுத்துப்பிழைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுத்தாள். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு வாரம் அடுத்த தெருக் கடைக்குப் போனார்.

மூன்றாவது வாரம் தாளை மேசையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார். அந்தக் கடையில் அவர் எழுதியதை எழுதியபடியே அடித்துக் கொடுத்துவிட்டார்களாம்.

அக்கா சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தாள். "உட்காருங்க சார்," என்றாள். "கொஞ்சம் நேரமாகும்."