வெள்ளைத் தேயிலையும் அத்தானின் மூக்கும்

யுத்தம் முடிந்த மறு வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். தூத்துக்குடியில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் கம்பவுண்டர் பரீட்சை தேறி, ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா சரக்குத் தோணியை நடத்திப் போகும் தண்டல், வீட்டில் இருக்கும் நாட்கள் குறைவு. அதனால் இது நடந்தபோது வீட்டில் இருந்தது அம்மா, நான், கொழும்பிலிருந்து வந்திருந்த அக்கா, அவள் கணவரான அத்தான், இவ்வளவு பேர்தான்.

அத்தானுக்குக் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் அறையில் வேலை. வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, இது எந்த மலைத் தேயிலை, வாட்டியது சரியா, புகை பட்டிருக்கிறதா, என்ன விலைக்குப் போகும் என்றெல்லாம் சொல்ல வேண்டும். பாதி வேலையை நாக்கு செய்யும், மீதியை மூக்கு செய்யும் என்பார். அந்த மூக்குதான் போய்விட்டது. கடுமையான விஷக்காய்ச்சல் வந்து படுத்து எழுந்தபோது அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. கம்பெனி துரை கொஞ்ச நாள் லீவு கொடுத்து, ஊர்க்காற்று பட்டால் சரியாகும் என்று அனுப்பி வைத்தார். லீவு முடிந்து போனதும் கோப்பைகளுக்கு முன்னால் நின்று காட்ட வேண்டும். தெரியவில்லை என்றால் வேலை இல்லை. அக்கா அப்போது மாசமாக இருந்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிலருக்குத் தானாகத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது, மருந்து கிடையாது என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். இப்படிக் கெட்டுப்போன மூக்கு சில சமயம் இல்லாத நாற்றத்தை இருப்பதாகக் காட்டும், அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று. அதை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன். எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்கு நிம்மதி.

எனவே அத்தானின் மூக்குக்கும் ஒரு வரிசை போட்டேன். பலமான வாசனையில் தொடங்கி மெல்லியதில் முடிய வேண்டும். அம்மோனியா, யூகலிப்டஸ், கிராம்புத் தைலம், காபித்தூள், ஏலக்காய், கடைசியில் தேயிலை. முதல் நாளே அம்மோனியா பாட்டிலைத் திறந்ததும் அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மருமகனுக்கு மூக்கு திரும்பிவிட்டது என்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு மட்டும் தெரியும், அது வாசனை இல்லை, எரிச்சல். மூக்கே செத்துப்போனவனும் அதற்குத் தலையை இழுப்பான். காபித்தூளையும் ஏலக்காயையும் சரியாகச் சொன்னார். துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு மறுபடியும் கேட்டேன். ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. அதுவரை டப்பாவைப் பார்த்தும், மூடி திறக்கும் சத்தத்தைக் கேட்டுமே சொல்லியிருக்கிறார்.

"ஏளா கம்பவுண்டரு, உங்க அக்காகிட்ட மட்டும் சொல்லிராத" என்றார் தாழ்ந்த குரலில். "கொஞ்சம் கொஞ்சமா வந்துட்டிருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"போய் அங்க என்ன செய்வீங்க அத்தான்?"

"கண்ணு இருக்குல்லா. எலையப் பாத்து, சாயத்தப் பாத்து முக்கால்வாசி சொல்லிருவேன்."

"மிச்சம் கால்வாசி?"

அத்தான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம். அம்மா தினமும் கேட்பாள், "மருமவனுக்கு எப்படிளா இருக்கு?" நான், பரவாயில்லை என்பேன். அம்மாவோ மாதாவுக்கு வெள்ளியில் ஒரு மூக்கு செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டு, தட்டாரிடம் போய் அதற்கு எவ்வளவு வெள்ளி பிடிக்கும் என்றுகூடக் கேட்டுவிட்டு வந்தாள்.

என் வரிசையின் கடைசியில் இருந்த தேயிலை சாதாரணத் தேயிலை அல்ல. அத்தான் கொழும்பிலிருந்து ஒரு சின்ன டின்னில் கொண்டுவந்திருந்தார். சில்வர் டிப்ஸ் என்றும் வெள்ளைத் தேயிலை என்றும் அதற்குப் பெயராம். மூடியைத் திறந்து பார்த்தபோது தேயிலை என்றே எனக்குத் தோன்றவில்லை. வெள்ளை ரோமம் படர்ந்த ஊசி ஊசியான மொட்டுகள். முதலில் சீனாக்காரர்கள் செய்து வந்தது, பிறகு இலங்கை மலையிலும் சில தோட்டங்களில் செய்யப் பழகினார்கள் என்று சொன்னார். இலை விரியும் முன்னே மொட்டை மட்டும் கிள்ளுவார்களாம். மற்றத் தேயிலையைப் போல உருட்டுவதும் கிடையாது, கறுக்க விடுவதும் கிடையாது. அப்படியே வாட விட்டு உலர்த்தி எடுப்பதுதான். அதனால் சாயம் இறங்காது, கசப்பும் குறைவு. மணம் இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லியது.

"இதுல மணம் தெரிஞ்சிட்டா மத்த எல்லாத்துலயும் தெரியும்" என்றார்.

போடும் முறையையும் அவரே சொல்லிக் கொடுத்தார். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் மொட்டு வெந்துபோகும். கெண்டியை இறக்கி வைத்துக் கொதிப்பு அடங்கின பிறகுதான் ஊற்ற வேண்டும். அப்புறம் மூடி வைத்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பாலும் கூடாது, சீனியும் கூடாது. முதல் தடவை நான் போட்டுக் கொடுத்ததைப் பார்த்து அம்மா, "இது என்ன, வெந்நிய வச்சிக் குடுக்க? மருமவனுக்குக் கருப்பட்டிக் காப்பி போட ஏலாமலா போச்சு?" என்று கோபித்துக்கொண்டாள். நிறம் அப்படித்தான், வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி. அத்தான் தன் தொழில் பழக்கப்படி சர்ரென்று உறிஞ்சினார். அடுப்படியில் இருந்து அம்மா, "யாருளா அது, கன்னுக்குட்டி கழனித்தண்ணி குடிக்க மாதிரி?" என்று கேட்டுவிட்டு, யார் என்று தெரிந்ததும் நாள் முழுக்க வெளியே தலைகாட்டவில்லை.

இந்தத் தேயிலை காய்ச்சலில் உடம்புச் சூட்டைத் தணிக்கும், தொண்டைக்கு இதம் என்று சீனர்கள் சொல்வார்களாம். நான் மருந்து கலக்குகிறவள், இதற்கெல்லாம் சாட்சி சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் எதைக் குடித்தாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அது மட்டும் வயிற்றில் தங்கியது. தினமும் ஒரு சிட்டிகை எடுத்து அவளே போட்டுக் குடித்தாள்.

டின்னைப் பாதுகாப்பதற்கும் அம்மாவிடம் வரிசையாகச் சொல்லி வைத்தேன். ஈரம் ஆகாது, வெளிச்சம் ஆகாது, பக்கத்தில் எந்த வாடையும் ஆகாது. இந்தத் தேயிலை பக்கத்தில் இருப்பதை எல்லாம் தனக்குள் இழுத்துக்கொள்ளும் என்று அத்தான் சொல்லியிருந்தார்.

இடையில் ஒரு நாள் நான் ஏமாந்தேன். ஒரு கோப்பையில் குழாய்த் தண்ணீரிலும் இன்னொன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் இதே தேயிலையைப் போட்டு, அத்தானின் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தேன். ஒரே வாயில், "இது கெணத்துத் தண்ணி" என்றார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்தான் உறைத்தது. எங்கள் கிணறு உப்பு. உப்பைச் சொல்ல நாக்கு போதும், மூக்கு வேண்டாம். அன்று மருந்து எடை போடும்போது இரண்டு தடவை தட்டைக் கொட்டிவிட்டுத் திரும்ப நிறுத்தேன். அத்தானிடம் சொன்னபோது, "அது அப்பமே தெரியும். உன் முகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்ல?" என்றார்.

மழை விடவில்லை. லீவு முடிய இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. மண்டபம் வழியாகக் கொழும்புக்குப் போக டிக்கெட்டும் வாங்கியாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார் அத்தான். அக்கா எதிரில் இருப்பாள் என்பதால் கண்ணைக் கட்ட முடியாது. நான் ஒரு வழி செய்தேன். ஒரு கோப்பையில் வெள்ளைத் தேயிலை, மற்றதில் சாதாரணத் தேயிலையை நிறையத் தண்ணீர் விட்டு அதே வெளிர் நிறத்துக்குக் கலக்கியது. கோப்பைகள் ஒன்றுபோல, சூடும் ஒன்றுபோல. கண்ணுக்கோ நாக்குக்கோ பிடிபட அதில் ஒன்றுமே இல்லை. எது வெள்ளைத் தேயிலையோ அதில் கரண்டியால் லேசாகத் தட்ட வேண்டும் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். டின்னை அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள். நான் மொட்டுகளை மோந்தும் பார்த்தேன், போட்டுக் குடித்தும் பார்த்தேன். வழக்கம்போல்தான் இருந்தது. அம்மாவும் ஒரு வாய் குடித்துவிட்டு, வழக்கம்போல் வெந்நீர்தான் என்றாள். அக்கா மட்டும், இரண்டு நாளாக இது தனக்கு இறங்கவில்லை, குமட்டுகிறது என்று கோப்பையைத் தள்ளி வைத்தாள். மாசமாக இருக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

அத்தான் முதல் கோப்பையில் உறிஞ்சினார். கீழே வைத்தார். வெள்ளைத் தேயிலை இருந்த இரண்டாவதில் உறிஞ்சினார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியை எடுக்கவில்லை. மறுபடி உறிஞ்சினார். நெற்றி சுருங்கியது.

"இதுல மாசி வாடை அடிக்கி" என்றார்.

மாசி என்பது மாலத்தீவிலிருந்து வருகிற காய்ந்த சூரை மீன். விறகுத்துண்டு மாதிரி இருக்கும். தட்டிப்போட்டுக் குழம்பு வைப்போம். அதற்கும் இந்தத் தேயிலைக்கும் என்ன சம்பந்தம்? அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கி நானும் குடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"மாசியா? எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றாள் அம்மா.

இல்லாத நாற்றத்தை மூக்கு இருப்பதாகக் காட்டும் என்று டாக்டர் சொன்னது அப்படியே என் காதில் கேட்டது. நல்ல மூக்கு இரண்டு இல்லை என்கிறது, கெட்ட மூக்கு ஒன்று இருக்கிறது என்கிறது. என் கணக்குப்படி விடை ஒன்றுதான். இதோடு கொழும்புக்குப் போனால் அவர் துரைக்கு முன்னால் நின்று நல்ல தேயிலையில் எல்லாம் மீன் நாற்றம் என்று சொல்வார். அக்காவின் வயிற்றைப் பார்த்தேன். என்ன சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

அத்தானுக்கும் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத்தான் அப்படி இருக்கும் போல" என்றார்.

எதற்கும் பார்த்துவிடலாம் என்று, "அம்மா, இந்த டின்னு எங்கன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மழை ஈரமால்லா இருக்கு. அதான் ரெண்டு மூணு நாளைக்கு முன்ன எடுத்து மாசிப் பெட்டிக்குள்ள வச்சேன். வீட்டுல அதைவிடக் காஞ்ச எடம் எங்கன இருக்கு? நீதானளா ஈரம் ஆகாது, வெளிச்சம் ஆகாதுன்ன."

"வாடையும் ஆகாதுன்னேனேம்மா."

"மாசியில என்னளா வாடை?" என்றாள் அம்மா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை; தினமும் அந்த வாடையிலேயே இருந்த எங்கள் இருவருக்கும் அது வாடையாகவே படவில்லை.

டின்னை எடுத்துப் பார்த்தேன். தினமும் திறந்து திறந்து மூடி தளர்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அத்தான் நாற்காலியில் இல்லை. அடுப்படி மூலையில் இருந்த மாசிப் பெட்டியைத் திறந்து, முழங்காலிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"அவுகளுக்கு இத்தன நாளா ஒண்ணுமே தெரியாம இருந்துச்சுல்லா?" என்றாள் அக்கா என்னிடம்.

நான் கையிலிருந்த டின்னை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"அடிப்பிடிச்ச கொழம்ப நல்லா மணக்குன்னு சொன்ன அன்னைக்கே எனக்குத் தெரியும்ளா. கேட்டா ஒடஞ்சிருவாகன்னு கேக்கல."

அன்று சாயங்காலம் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு, அவருக்குப் பின்னாலிருந்து சத்தம் காட்டாமல் நீட்டினேன். கொஞ்சம் தாமதித்து, "கிராம்பு. தூரத்துல இருக்க மாதிரி இருக்கு" என்றார். அவர் கொழும்புக்குப் போனார். கம்பெனியில் முதலில் சாமான் கட்டும் பக்கம் போட்டார்களாம். வாசனை முழுதும் திரும்பக் கொஞ்ச காலம் பிடித்தது. இப்போது பழைய அறையில், பழைய கோப்பைகளுக்கு முன்னால் நிற்கிறார். அந்த டின் தேயிலை யாருக்கும் உதவாமல் போனது. அம்மா நேர்ந்துகொண்டபடி வெள்ளி மூக்கைச் செய்து மாதா காலடியில் வைத்தாள். நீட்ட மூக்கா, சப்பை மூக்கா என்று தட்டார் கேட்டதற்கு, மோந்து பார்க்கிற மூக்கு என்று சொன்னாளாம்.

ஆஸ்பத்திரியில் இப்போது எந்த நோயாளியாவது ஒரு மருந்தில் ஏதோ வாடை அடிக்கிறது என்று சொன்னால், நான் மோந்து பார்த்து இல்லை என்று சொல்லி அனுப்புவதில்லை. எங்கள் மருந்து அறைப் பக்கமே வராத யாரையாவது கூப்பிட்டு ஒரு தடவை மோந்து பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் என் மூக்கு எந்த வீட்டில் வளர்ந்தது என்பது எனக்கு மறப்பதில்லை.