முத்தாரம்மாள் டீச்சரின் வெட்டாத படம்

முத்தாரம்மாள் டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டால், அந்த ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காமல் விடமாட்டாள். ஒருமுறை கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்ற வந்த ஆளையே நிறுத்தி வைத்துக் கேட்டாள். அவன் வாளியும் கையுமாக முழித்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர் தாணுமாலையன், யாருடைய மனைவியோ பேசுகிறாள் என்பதுபோல அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆரியசாலையில் மிளகாய் மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக் குடும்பத்தில் பிறந்தவள் அவள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடையில் இரண்டும் கலந்த ஒன்று என்று வளர்ந்தாள். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை ஆனபோது, தமிழ் வழி வகுப்பும் அவள் தலையில்தான் விழுந்தது. பாடப் படங்கள் எல்லாம் மலையாளத்தில் வரும். இவள் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். படத்தில் மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் இவள் வாயில் மழை பெய்யத் தொடங்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்து ஒருநாள் அவளுக்கே பொறுக்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டாள்.

கடைக்காரர்கள் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு எந்தப் பக்கத்துத் தார்ப்பாயை இறக்குகிறார்கள், துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழைக்கு எந்தப் பக்கத்தை இறக்குகிறார்கள் என்பதை எடுத்தாள். அவ்வளவுதான் படம். இரண்டு பருவக்காற்றும் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் தப்பாக எழுதவில்லை. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஆறேழு வருஷத்தில் ஓய்ந்த நேரமெல்லாம் படமாகவே போயிற்று. தமிழிலும் மலையாளத்திலும் அவளே குரல் கொடுப்பாள். வெட்டி ஒட்டிக் கொடுப்பவன் ரதீஷ். ஆரியசாலையில் ஓர் அரிசிக் கடையின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தான். கல்யாண வீடியோவில் எந்த மாமியாரையும் சாந்த சொரூபியாகக் காட்டிவிடுவான் என்று பெயர்.

தங்கபாயைப் பற்றிய படம் அப்படி வந்ததுதான். பாறசாலைக்கும் அப்பால், மாநில எல்லையை ஒட்டி, தோடு என்று அங்கே சொல்லும் ஓர் ஓடையின் கரையில், வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி நெசவுக்குக் கொடுப்பவள் தங்கபாய். நாலைந்து பெண்கள் அவளோடு வேலை செய்தார்கள். அந்தத் தோட்டுக்கரையில் கிடைக்கும் நிறங்களை மட்டும் வைத்துத்தான் சேலைக்குக் கட்டமும் கரையும் போடுவது என்று ஒரு பிடிவாதம் அவளுக்கு. பதிமுகக் கட்டையில் சிவப்பு, பலாக்கட்டைச் சீவலில் மஞ்சள், கடுக்காயில் கறுப்பு. நீலம் வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம், "நீலம் இந்தக் கரையில இல்ல. வேற கரையில போய்க் கேளுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

இதைக் கேட்டதும் டீச்சர் துள்ளினாள். ஒரு சேலையை விரித்தால் ஒரு நிலப்பகுதியையே பாடம் நடத்திவிடலாமே! புவியியல் ஒரு பக்கம், துணி வடிவமைப்பு ஒரு பக்கம், மண்ணையும் நீரையும் கெடுக்காமல் தொழில் செய்வது இன்னொரு பக்கம். ஒரே கல்லில் மூன்று மாங்காய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்து எல்லாவற்றையும் எடுத்துவந்தாள்.

"டீச்சரே, தொடக்கத்துலயே கலர் வரணும் கேட்டோ. இல்லெங்கில் பிள்ளைங்க வேற வீடியோக்குப் போயிடும்" என்றான் ரதீஷ்.

படம் அப்படியே தொடங்கியது. தங்கபாய் தன் படித்துறைக் கடவில் இறங்கிச் சிவப்பு நூலை அலசுகிறாள், தண்ணீர் குங்குமமாய் விரிகிறது. அடுத்து, பிள்ளைகள் இன்னொரு கடவில் குதித்துக் குளிக்கிறார்கள். அடுத்து, ஒரு பெண் குடத்தில் தண்ணீர் எடுக்கிறாள். ஒரு தோடு எத்தனை பேருக்கு உதவுகிறது என்று டீச்சரின் குரல் பின்னால் உருகுகிறது. படம் பள்ளிக் குழுக்களில் பரவியது, பெற்றோர் குழுக்களில் பரவியது, தோட்டுக்கரைக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

பிறகுதான் அந்த போன் வந்தது.

"டீச்சர், தங்கபாய் பேசுதேன். எனக்க கடவுக்குப் போற வழியில கேட் வச்சுப் பூட்டியாச்சு."

"யாரு பூட்டினது?"

"புது வீட்டுக்காரங்க. உங்க படத்தப் பாத்தாங்களாம். நான் சாயத்த கலக்கி விடுதேனாம், அதுல பிள்ளையள் குளிக்குதாம்."

"நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லலியே தங்கபாய்!"

"சொன்னியளோ சொல்லலியோ, வழி அடஞ்சாச்சு. நூலு அலசாம எப்படி வேல நடக்கும்? பொண்ணுங்க எல்லாம் சும்மா இருக்காங்க. ஓணத்துக்கு உள்ள ஆர்டர் முழுசும் இருக்கு. கேட்டத் தொறக்கலன்னா ஷெட்டப் பூட்டிட்டு நான் வேற சோலிக்குப் போவணும்." அதோடு வைத்துவிட்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் டீச்சரைக் குத்தியது.

மறுநாளே லீவு போட்டுவிட்டுப் போனாள். தோட்டுக்கரையில் வரிசையாகப் புது வீடுகள் எழும்பியிருந்தன. எல்லாவற்றுக்கும் பின்பக்கம் ஆளுயர மதில். அவர்களுடைய சங்கத்தின் செயலாளர் கோலப்பன், வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாகர்கோவிலிலிருந்து வந்து வீடு கட்டியவர். மரியாதையாக உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

"டீச்சர், நாங்க பொரணி ஒண்ணும் பேசல்ல. எங்க கிணறெல்லாம் தோட்டு ஓரத்துலதான் கெடக்கு. கண்ணால பாத்ததத்தான் சொல்லுதோம்."

"எங்க வச்சுப் பாத்தீங்க?"

"நீங்க எடுத்த படத்துலதான்."

"தோட்டுல இறங்கிப் பாத்ததில்லியா?"

"அதுக்கு எங்க வழி? மதில் கெட்டியிருக்குல்லா."

அவர் கொடுத்த தண்ணீர், பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். தங்கபாய் நூலில் ஏற்றியதும் இதே கட்டைதான் என்று டீச்சர் தம்ளரைத் தூக்கிக் காட்டினாள். கலங்கல் தண்ணீரை அவள் குழி வெட்டித்தான் வடியவிடுகிறாள், கடைசி அலசல் மட்டும்தான் தோட்டில் என்றும் விளக்கினாள். கோலப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குடிக்கிற தண்ணீர் வேறு, ஊர் மொத்தமும் அலசிக் குளிக்கிற தண்ணீர் வேறு என்றார். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

டீச்சர் நேராக ரதீஷின் மாடிக்குப் போய், படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னாள். "இதுல ஒரு பொய் காட்டு, பாப்போம்" என்று அவனிடம் சண்டைக்குப் போனாள். பொய் ஒன்றும் இல்லையே டீச்சரே என்று அவன் கையை விரித்தான். அவள் கோலப்பனை மனதாரத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கண்ணிருந்தும் பார்க்கத் தெரியாதவர்கள் என்று தாணுமாலையனிடம் பொரிந்து தள்ளினாள்.

இரண்டு நாள் கழித்து வகுப்பில் அதே படத்தைப் போட்டாள். படம் முடிந்ததும் அதில் கண்ட இடத்துக்கு வரைபடம் போடவைப்பது அவள் வழக்கம். ரெம்யா என்ற பெண் எழுந்து வந்து கரும்பலகையில் தோட்டை வரைந்தாள். தண்ணீர் வரும் திசைக்கு ஓர் அம்புக்குறி. மேலே சாயக்கடவு. அதற்குக் கீழே குளிக்கும் கடவு. அதற்கும் கீழே குடிதண்ணீர்க் கடவு.

"எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டாள் டீச்சர்.

"ஆமா டீச்சர்" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

டீச்சர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரையில் இருப்பதோ நேர்த் தலைகீழ். குடிக்க எடுப்பது மேலே, குளிப்பது அதற்குக் கீழே, துவைப்பது அதற்கும் கீழே, சாயம் அலசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். எழுதிவைக்காத அந்த முறையைத் தோட்டுக்கரையில் யாரும் மீறியதில்லை. படத்தில் அவள் சொன்ன வரிகள் எல்லாம் உண்மை. காட்டிய வரிசைதான் பொய். பார்க்கிறவனுக்குத் திரையில் முதலில் வருவதுதான் ஓட்டத்தின் மேல்பக்கம், பின்னால் வருவது கீழ்ப்பக்கம். நிறம் முதலில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, தோட்டையே திருப்பி ஓடவிட்டிருந்தாள். பந்தியில் நின்றவனைக்கூட விடாமல் ஆற்றின் போக்கைக் கேட்கிறவள் செய்த காரியம் இது. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"ரெம்யா சரியாத்தான் வரைஞ்சிருக்கா. நான்தான் தப்பாக் காட்டிட்டேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

அன்றைக்கே எல்லாக் குழுக்களுக்கும் திருத்தம் எழுதி அனுப்பினாள். பதிலுக்குக் கட்டைவிரல் படங்கள் வந்தன. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. படத்தால் வந்த வினை படத்தால்தான் தீர வேண்டும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்த முறை வெட்டே கூடாது. வரிசையை மாற்றி ஒட்டினால், முதலில் எப்படி நம்பினார்களோ அப்படியே இனி நம்பாமலும் இருப்பார்கள்.

தங்கபாயிடம் போய்க் கேட்டாள். "என்னவும் செய்யுங்க" என்றாள் தங்கபாய், முகத்தைப் பார்க்காமல்.

குடிதண்ணீர்க் கடவில் ஒரு முழுத் தேங்காயை மட்டையோடு மிதக்கவிட்டு, கைப்பேசியில் பதிவைத் தொடங்கி, அதன் பின்னாலேயே கரையோடு நடந்தாள் முத்தாரம்மாள். முழங்கால் வரை சேறு. தாழம்புதர் புடவையைக் கிழித்தது. புது வீடுகளின் மதிலுக்குப் பின்னால் போகும்போது தேங்காய் செடியில் சிக்கி நின்றுவிட்டது. கம்பால் தள்ளிவிடலாம்தான். ஆனால் தள்ளினால் அதுவும் ஒருவகை வெட்டு என்று தோன்ற, பதிவை நிறுத்தாமல் காத்திருந்தாள். தேங்காய் தானாக விடுபட்டு, குளிக்கும் கடவைத் தாண்டி, துவைக்கும் கல்லைத் தாண்டி, கடைசியாகச் சாயக்கடவில் வந்து முட்டியது. அதற்கப்பால் வாழைத்தோட்டம்தான்.

ரதீஷ் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "பத்து நிமிஷம் ஒரு தேங்காயா? ஆரும் பாக்கமாட்டாங்க டீச்சரே." பிறகு, தேங்காய் சிக்கி நின்ற இடத்தில் படத்தை நிறுத்தி, "இது என்ன?" என்றான்.

மதிலின் அடியிலிருந்து ஒரு பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சோப்பு நுரை தோட்டில் விழுந்துகொண்டிருந்தது. குளிக்கும் கடவுக்கு மேலே! மதிலுக்கு மேல் தெரிந்த பச்சைத் தண்ணீர்த்தொட்டியை டீச்சருக்கு நன்றாகத் தெரியும். அது கோலப்பன் வீடு.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மறைப்பானேன். வசமாக மாட்டினார் மனுஷன் என்று கைதட்டினாள். உடனே குழுவில் போட்டுவிடவும் விரல் துடித்தது. அப்புறம் தங்கபாயின் நினைவு வந்தது. படம் வெளியே போவதற்குமுன் அவளிடம் ஒருதரம் போட்டுக் காட்டியிருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது. மறுபடியும் அதே வேலையா?

கோலப்பன் தன் வீட்டு வரவேற்பறையில் கைப்பேசியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். நுரை விழும் இடத்தில் அவர் முகம் மாறியது.

"இது நமக்க வீடா? மேஸ்திரி வச்ச கொழாயி. மதிலுக்கு அந்தப் பக்கம் நான் பாத்ததே இல்ல டீச்சர்." அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த எடத்த மட்டும் வெட்டிருங்க" என்றார்.

"வெட்டினா எல்லாமே பொய்யாயிரும் சார். நான் ஒருதரம் வெட்டித்தான் இந்த வம்பே வந்தது. ஞாயித்துக்கிழம எல்லாரையும் கூப்பிட்டு ஊர் வாசகசாலையில போடுதேன். அதுக்கு முன்ன உங்க கிட்ட காட்டணும்னுதான் வந்தேன்."

கோலப்பன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. படம் போடவே விடமாட்டார், ஆளைக் கூட்டிவந்து கலைத்துவிடுவார் என்று பயந்துகொண்டுதான் டீச்சர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகசாலைக்குப் போனாள். புது வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். தங்கபாய் தன் ஷெட்டுப் பெண்களோடு கடைசி பெஞ்சில் இருந்தாள். கோலப்பன் முதல் வரிசையில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்.

தேங்காய் மிதக்கத் தொடங்கியது. சுவரில் விழுந்த வெளிச்சத்தில் தோடு ஓடியது. தங்கள் மதிலுக்குப் பின்னால் அது எப்படி ஓடுகிறது என்று பலர் அப்போதுதான் பார்த்தார்கள். "அய்யோ, நம்ம வீட்டு மாமரம்!" என்று ஒரு பெண் கத்தினாள். தேங்காய் சிக்கி நின்றதும், தள்ளிவிடுங்களேன் என்று பிள்ளைகள் பதைத்தார்கள். பிறகு கண்கள் ஒவ்வொன்றாகக் குழாயைக் கண்டுபிடித்தன. முணுமுணுப்பு கிளம்பியது. யார் வீடு, யார் வீடு என்று தலைகள் திரும்பின. டீச்சர் சேலை முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

கோலப்பன் எழுந்தார். அவர் நிழல் சுவரில் பாதியை மறைத்தது.

"அது எனக்க வீட்டுக் கொழாயி" என்றார். "எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்லுகதுக்கும் நாணமா இருக்கு. வியாழக்கிழமையே அடச்சாச்சு. அந்தத் தண்ணிக்கு வீட்டு முத்தத்துல குழி வெட்டி வாழக்கன்னு வச்சிருக்கு. ஆரும் வந்து பாக்கலாம். உங்க மதிலுக்கு அந்தப் பக்கமும் எறங்கிப் பாருங்க, ஒங்களுக்கும் இருக்கும்." தேங்காய் அதற்குள் விடுபட்டுவிட்டதால் அவசரமாகக் குனிந்துகொண்டார். "இருங்க, மீதியப் பாப்போம்."

குளிக்கும் கடவு வந்தது. துவைக்கும் கல் வந்தது. எல்லாம் கடந்து, கடைசியில் தேங்காய் சாயக்கடவின் படியில் வந்து முட்டியது. இத்தனை பேரும் கழுவிவிட்ட தண்ணீர் முழுவதும் வந்து சேரும் இடத்தில்தான் தங்கபாய் நூலை அலசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளால் கெட்டவர் ஒருவருமில்லை. எல்லோருடைய அழுக்கும்தான் அவளிடம் வந்திருக்கிறது. விளக்கைப் போட்டார்கள்.

கோலப்பன் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்துபோய், "தங்கபாய், கேட்டக் கழத்திட்டுத்தான் வந்தேன். நாளைக்கே நூலு கொண்டு வா" என்றார்.

தங்கபாய் தலையசைத்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்தாள். இத்தனை நாளில் முதன்முறையாக முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"படம் நீளம் கூடுதல்தான் டீச்சர்" என்றாள். "அடுத்த வாரம் மஞ்சச் சாயம் ஏத்துதேன். போன எடுத்துக்கிட்டு வாங்க."

முத்தாரம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கபாயின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.