காயாத சுண்ணாம்பு

வலது தோள்பட்டையில் ஆரம்பித்து முழங்கை வரை ஒரே குடைச்சல். ஐந்து நாளாகச் சரியான தூக்கமில்லை. கையை வாய் வரை தூக்கிச் சோறு தின்ன முடியவில்லை. அதனால்தான் அன்று மத்தியானம் மூத்தவள் மற்றவர்களோடு சாப்பிடப் போகவில்லை. போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கதை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இது நடந்தது. அந்தக் கட்டடத்தில் சுண்ணாம்பு கரைத்தவன் நான். அவள் தூக்கிக்கொண்டு ஏறியது என் வாளி. மாடியில் நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள், ஒரே ஒரு தடவை. இரண்டாம் தடவை கேட்டபோது எழுந்து போய்விட்டாள்.

நகரத்தின் பழைய பகுதியில் எந்தச் சுவரில் என்ன சித்திரம் இருக்கிறது, எந்த வாசலுக்கு மேல் என்ன சிலை இருக்கிறது, எந்தக் கட்டடத்துக்கு எத்தனை வயது என்று ஓர் அலுவலகம் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தது. அதிகாரி எழுதுவார், நாங்கள் சுரண்டுவோம். போஸ்டரைக் கிழித்து, பெயின்ட்டை உரித்து, அடியில் இருப்பதை வெளியே கொண்டுவருவதுதான் எங்கள் வேலை. ஒன்றும் கிடைக்காத சுவருக்குத் திரும்பச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். பட்டியலின் கடைசிக் கட்டத்தில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கும்.

அந்தக் கட்டத்தில் இளையவள் பெயர் பதினோரு இடத்தில் இருந்தது. மூத்தவள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வேலை. மூத்தவள் பதினான்கு வருடமாகச் சுவர் சுரண்டுகிறவள். இளையவள் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் அவளுக்குக் கண் அப்படி. தெருவில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பாள். ரொட்டிக்கடைப் பலகைக்குப் பின்னால் இரும்புக் குதிரைத் தலையைக் கண்டது அவள். பேருந்து நிழற்குடையில், இருபது வருடப் போஸ்டருக்கு அடியில், ஓட்டுச் சில்லுகளால் செய்த மீனைக் கண்டதும் அவள்தான். மேஸ்திரி ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார், மூத்தது சுவத்தப் பார்க்குது, இளையது சுவத்துக்குள்ள பார்க்குது என்று. எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

மீனோடு இளையவள் சிரித்தபடி நிற்கும் படம் செய்தித்தாளில் வந்தது. மாமியார் அதை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அன்றிலிருந்து மூத்தவள் குளிர்ந்த தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

அந்தப் பகுதிக்கு ஒரு நிரந்தர வேலை வந்தது. கண்டுபிடித்த சுவர்களைச் சுற்றிப் பார்த்து, எழுதி வைத்து, காவல் காக்கிற வேலை. கை தூக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஆளை முடிவு செய்வதாகச் சொன்னார்கள். பெரிதாக ஒன்று கண்டுபிடித்தால் உன்னையும் யோசிக்கலாம் என்று அதிகாரி மூத்தவளிடம் சொல்லியிருந்தார். அவள் தோள்பட்டை அந்த வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை. பழைய நீரேற்று நிலையம். நான்கு மாடி, மின்சாரம் கிடையாது. பட்டப்பகலிலும் படிக்கட்டில் இருட்டு.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எல்லாரும் எதிர்ப்புறம் சாப்பிடப் போனோம். மூத்தவள் மட்டும் கீழ்ப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒன்று பத்து. மேலே சத்தம்.

சர்ர்... சர்ர்... டக்.

இரண்டு இழுப்பு, பிறகு தூசி உதிர, சுரண்டும் தகட்டைச் சுவரில் ஒரு தட்டு. அப்படிச் சுரண்டுகிறவள் எங்கள் கூட்டத்தில் ஒருத்திதான். இளையவள்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஊரெல்லாம் சாப்பிடும்போது, தான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, இவள் மட்டும் திருட்டுத்தனமாக மேலே ஏறியிருக்கிறாள். பன்னிரண்டாவதைத் தேடுகிறாள். எத்தனைதான் வேண்டும் இவளுக்கு?

சத்தமில்லாமல் ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சத்தம் நின்றது.

ஆளில்லை. தூசி மட்டும் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். சுவரில் ஆள் நீளத்துக்கு வெள்ளை உரிக்கப்பட்டிருந்தது. அடியில் சித்திரம். தலையில் கலவைச் சட்டியோடு வரிசையாக நடக்கும் பெண்கள். நிறம் மங்கவே இல்லை. கழுத்து நரம்புகூடத் தெரிந்தது. பதினான்கு வருடத்தில் அப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. எண்ணினாள். ஏழு பேர். கடைசியில் நிற்பவளுக்கு மட்டும் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடம் செங்கல் தெரியச் சுரண்டப்பட்டிருந்தது.

தரையில் ஒரு தகடு கிடந்தது. எடுத்தாள். சூடாக இருந்தது. எங்கள் தகடுகளுக்கு மஞ்சள் பிளாஸ்டிக் பிடி. இதற்கு மரப்பிடி, கம்பி சுற்றியது. அதை அவள் பார்த்தாள். ஆனால் மனதில் ஓடியது வேறு. இதையும் இவளே கண்டுபிடித்துவிட்டாள்... இதற்கும் படம் வரும்...

"நீதான்னு தெரியும்டி. வெளிய வா."

படியில் மேலும் கீழும் வெளிச்சம் அடித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மேலே சுண்ணாம்பை அடித்து மூடிவிடலாம். வெள்ளிக்கிழமை அதிகாரியைக் கூட்டி வந்து, தானே சுரண்டி, தானே கண்டுபிடித்ததாகச் சொல்லலாம். இளையவள் முதலில் பார்த்தேன் என்றால்? ஒன்றுமில்லாத சுவருக்கு யார் சாட்சி?

தகட்டைத் தரையிலேயே போட்டுவிட்டு, கீழே ஓடி வந்து என் வாளியையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். அப்போது மணி ஒன்று பத்தொன்பது. தோள்பட்டை வலித்ததாக அவளுக்கு நினைவே இல்லை.

தகடு கிடந்த இடத்தில் இல்லை.

முகமில்லாதவள் கடைசியில் இல்லை. வரிசையில் நான்காவதாக நின்றாள்.

தப்பாக எண்ணியிருப்பேன் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். பிரஷை முக்கினாள். கடைசிப் பெண்ணிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். ஒன்று... இரண்டு... மூன்று பேர் வெள்ளைக்குள் போனார்கள்.

மறுபடி வாளியில் முக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

முகமில்லாதவள் முதலில் நின்றாள். படிக்கட்டை ஒட்டி. இவள் தோளுக்குப் பக்கத்தில்.

மற்றவர்கள் முன்பு நேராகப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள். இப்போது மீதி மூவரும் இவளைப் பார்த்தார்கள்.

காதருகே ஒரு குரல். மெதுவாக. கெஞ்சுகிற குரல்.

"மூடாத..."

அவள் மூடினாள்.

அந்த மூவரையும் அடித்தாள். முதலில் நின்றவளின் காலை அடித்தாள். இடுப்பை அடித்தாள். கழுத்தை அடித்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிரஷை இழுத்தாள்.

பிரஷ் ஏறி இறங்கியது.

மூக்கு.

மணிக்கட்டில் சூடாக... மூச்சு.

வாளி உருண்டது.

சுண்ணாம்புக்குள்ளிருந்து...

சர்ர்... சர்ர்...

டக்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு அவள் தெருவைக் கடந்து ஓடி வந்ததை நான் பார்த்தேன். முழங்கை வரை வெள்ளை. இளையவள் எனக்கு எதிரில், எச்சில் கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்க பங்க எடுத்து வச்சிருக்கேன். ஆறிப்போச்சு பாருங்க. கை வலின்னா ஊட்டியா விடணும்?"

மூத்தவள் அவளையே பார்த்தாள். எவ்வளவு நேரமாக இங்கே இருக்கிறாள் என்று என்னிடம் கேட்டாள். பன்னிரண்டு ஐம்பதிலிருந்து, எழுந்திருக்கவே இல்லை என்றேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்புறமாவது விட்டிருக்கலாம். விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை அதிகாரியையும் மேஸ்திரியையும் எங்கள் எல்லாரையும் மாடிக்குக் கூட்டிப் போனாள். பிரிட்ஜ் கதவில் இருந்த அந்தச் சிரிப்பு, பயத்தைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. இதற்கு அடியில் சித்திரம் இருக்கிறது என்று சொல்லிச் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, பிறகு செங்கல். பக்கத்தில் சுரண்டினாள். அங்கும் செங்கல். சுவர் முழுக்கச் சுரண்டினாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இளையவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"போதும்க்கா. தோள் வீங்குது."

வேலை இளையவளுக்குப் போனது.

சுரண்டிய சுவருக்கு மறுநாள் சுண்ணாம்பு அடித்தோம். கரைத்தது நான். பதம் தப்பவில்லை. இரண்டு நாளில் சுவர் முழுக்கக் காய்ந்தது, ஓர் இடத்தைத் தவிர. படிக்கட்டை ஒட்டி, முகம் அளவுக்கு.

இரண்டு மாதம் கழித்து இளையவள் அலுவலகப் பழைய கோப்பில் ஒரு படத்தைப் பார்த்தாள். அடுப்படியில் அதைச் சுவாரசியமாகச் சொன்னாள். அந்த மாடியில் ஒருகாலத்தில் சித்திரம் இருந்ததாம். கட்டடம் கட்டிய கூலிப்பெண்கள் ஏழு பேரை, அவரவர் முகத்தோடு வரைந்திருந்தார்களாம். திறப்பு விழாவுக்கு முதல்நாள், எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அதில் ஒருத்தியின் முகத்தை மட்டும் யாரோ சுரண்டி எடுத்துவிட்டார்களாம். யாரென்று கடைசிவரை தெரியவில்லையாம். முகம் போனவள் அந்தத் திருப்பத்திலிருந்தே விழுந்து செத்துப்போனாளாம்.

"அப்புறம் அறுபது வருஷத்துக்கு முன்னாடி புயல்ல அந்தச் சுவரே இடிஞ்சு, புதுசாக் கட்டியிருக்காங்கக்கா. சித்திரம் செங்கல்லோட போயிடுச்சு. பாவம், நீங்க அன்னிக்கு எதப் பார்த்தீங்களோ."

மூத்தவள் இன்றுவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை.

எட்டு மாதம் ஆகிறது. அந்த இடம் இன்னும் காயவில்லை. கூரை ஒழுகவில்லை, பக்கத்தில் குழாயும் இல்லை. போன வாரம் நானே ஏறிப் பார்த்தேன். நடுவில் மூக்கு மாதிரி ஒரு மேடு வந்திருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கீறல், வாய் மாதிரி.

மூத்தவள் அந்தத் தெரு வழியாக இப்போது போவதில்லை. மூடாதே என்று ஒருத்தி கேட்டாள். இவள் மூடினாள். அவளுக்கு இவள் ஒரு முகம் கடன்பட்டிருக்கிறாள். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.