தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்

பத்தொன்பது வருஷமாக எனக்கு வெல்டா ஹக்கபி மேல் கோபம். என் தம்பி ராண்டல் செத்துக்கொண்டிருந்தபோது, பத்தடி தூரத்தில் நின்ற என்னை அவனிடம் போகவிடாமல் தடுத்தது அந்தப் பொம்பளைதான். கத்தினேன். தள்ளினேன். சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். அவர் ஒரு கையை என் நெஞ்சில் வைத்து, “கிளெட், அந்தப் பக்கம் போ” என்று மட்டும் சொன்னார். பிறகு, கூட்டத்தின் கண்ணில் படாமல் காரை மறைக்கும் நீலத் தார்ப்பாய் எழும்பியது. நான்கு நிமிஷம் அது இறங்கவில்லை.

ஜூன் மாதம், ஞாயிறு மதியம். எங்கள் பந்தயத் திடல் அரை மைல் களிமண் வட்டம். இண்டியானா மாநிலத்தின் தெற்கே இப்படி ஊருக்கு ஒன்று உண்டு. அதில் ஓடும் கார்களுக்குச் சக்கரத்தை மூடும் தகடு கிடையாது. நான்கும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் நம்முடைய முன்சக்கரம் தொட்டால் போதும், கார் ஏறிப் பறந்துவிடும். மூன்றாம் திருப்பத்தில் ராண்டல் அப்படித்தான் பறந்தான். வேலியில் மோதித் தலைகீழாக விழுந்தான்.

அன்றைக்கு அவனைக் காரில் உட்காரவைத்துப் பெல்ட்டை இறுக்கியது நான். ஏப்ரலில் ஒடிந்த காறை எலும்பு அவனுக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. “கிளெட், தோள்ல ஒரு விரல் போற அளவுக்கு விடு, குத்துது” என்றான். விட்டேன். ஒரு விரலா, இரண்டு விரலா, அதற்கும் மேலா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. கழுத்துக் காப்பு மாட்டச் சொல்லி அப்போது எங்கள் திடலில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவனும் மாட்டவில்லை.

தார்ப்பாய்க்கு உள்ளே அவன் பேசினான். குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. என்னைக் குறை சொன்னானா என்பது வெல்டாவுக்கு மட்டும்தான் தெரியும்.

வெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் திடலில் கடை போடுவார். பன்றிக்கறியைத் தட்டித் தட்டி, மாவில் முக்கிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பார். கறி ரொட்டியைவிட இரண்டு மடங்கு பெரிதாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ராண்டல் போவதற்கு வெகுமுன்னால் ஒரு நாள் ஒரு கார் தீப்பிடித்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வாயிற்கதவின் பூட்டோடு போராடிக்கொண்டிருக்க, வெல்டா மேலங்கியைச் சோடாத் தொட்டியின் ஐஸ் தண்ணீரில் முக்கிக்கொண்டு தடுப்பைத் தாண்டி ஓடினார். உள்ளே இருந்தவன் பிழைத்தான். அடுத்த மாதமே தீயணைப்புப் படையில் பயிற்சிக்குச் சேர்ந்து, திடலில் மீட்பு வேலையையும் ஏற்றுக்கொண்டார். அன்றிலிருந்து பெல்ட் வெட்டும் கொக்கிக் கத்தி ஒன்று ஷூ லேஸில் கோர்த்து அவர் கழுத்தில் தொங்கும். அதே கத்தியால் கேக் வெட்டுகிறார் என்று கேலி செய்வார்கள். வெட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

ராண்டல் காலத்தில் ஆள் பிழைக்க மாட்டான் என்றால்தான் தார்ப்பாய் தூக்குவார்கள். பார்வையாளர் மேடையில் உட்கார்ந்திருந்த எங்கள் அம்மா, யாரும் போய்ச் சொல்வதற்கு முன்னால், அந்த நீலத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அடுத்த ஞாயிறு ஒருவனுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. அதற்கும் வெல்டா தார்ப்பாயைத் தூக்கச் சொன்னார். திடல் முதலாளி ஹோமர் ஓடி வந்தார்.

“கை ஒடிஞ்சவனுக்கு எதுக்கு வெல்டா இது? பாதி ஜனம் எந்திரிச்சுப் போயிடுச்சு. பாப்கார்ன் அப்படியே கெடக்கு.”

“தானா எறங்கி நடக்காத எல்லாருக்கும் இனிமே தூக்குவேன். அப்பத்தான் எந்தத் தாயும் துணியப் பாத்து முடிவு பண்ண மாட்டா. பாப்கார்ன் மிஞ்சுனா நீயே தின்னு ஹோமர், ஒன் சட்டையில தெறிக்காம இன்னும் ஒரு பித்தான் மிச்சம் இருக்கு.”

நான் வெல்டிங் வேலை செய்கிறவன். இரண்டு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு வேலி சரிசெய்யக் கூப்பிட்டார்கள், போனேன். வெல்டா கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தார்ப்பாய்க்கு ஒரு மூலை பிடிக்க ஆள் வேணும். நீ ஒசரமா இருக்க.”

“ஒங்ககூடவா?”

“என்கூடத்தான். கோவத்த வீட்டுல வெச்சுட்டு வா. இல்லாட்டி எடுத்துட்டே வா, எனக்கொண்ணும் இல்ல. ஆனா கை ஆடக் கூடாது.”

அங்கே ஒரு விதி உண்டு. தார்ப்பாய் பிடிக்கிறவன் காருக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும். எத்தனை முறை பிடித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. அதில் மூன்று பேர் எழுந்திருக்கவில்லை. ஒரு முறைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் வெல்டா பேசுவது மட்டும் கேட்கும். ஒரு தடவை கால் மாட்டிக்கொண்டவன் ஒருவன், “சட்டைய வெட்டாதீங்க வெல்டா, புதுசு, பொண்டாட்டி வாங்குனது” என்று கெஞ்சினான். “அவ எடுத்த கலரா? அப்ப வெட்டியே ஆகணும்” என்றார். அவன் சிரித்துக்கொண்டே அழுதான்.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. ராண்டல் போன பிறகுதான் வெல்டா ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டார். பந்தயம் தொடங்குமுன் ஒவ்வொரு காராகப் போய், ஓட்டுகிறவனின் தோள் பெல்ட்டுக்கு அடியில் விரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் போனால் இறுக்கச் சொல்வார்.

“மூச்சு விட எடம் வேணாமா வெல்டா?”

“வீட்டுக்குப் போய் விட்டுக்கோ.”

அந்த நேரத்தில் அவர் என் பக்கம் பார்க்கவே மாட்டார்.

ராண்டல் என்ன சொன்னான் என்று அவரிடம் மூன்று தடவை கேட்டேன். “உள்ள நடந்தது உள்ளயே இருக்கட்டும்” என்பார். மூன்றாவது தடவை நான் தார்ப்பாயை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுவாரம் போய்ப் பிடித்தேன். பிடிக்காமல் இருக்க முடியவில்லை.

போன இலையுதிர் காலத்தில் வெல்டாவின் நுரையீரல் கைவிட்டுவிட்டது. அவர் வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருந்தார்கள். இந்த வாரம் தாண்டாது என்று நர்ஸ் வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள். நான் பார்க்கப் போனது அந்த வருஷத்தின் கடைசிப் பந்தய நாள். ஒன்றரை மைல் தள்ளிக் கார்கள் சுற்றும் சத்தம் அறைக்குள் கேட்டது.

“சர்ச்சுப் பொம்பளைங்க இதுவரைக்கும் எட்டுத் தட்டு நூடுல்ஸ் கொண்டாந்துட்டாங்க. என்னைக் கொல்லப் போறது நுரையீரல் இல்ல கிளெட், இதுதான்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. ராண்டல் என்ன சொன்னான் என்று நான்காவது தடவையாகக் கேட்டேன்.

கார்ச் சத்தம் வந்த பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். “‘கிளெட்ட உள்ள விடாதீங்க’ன்னான். ரெண்டு தடவ சொன்னான். அப்புறம், எத்தனையாவதா வந்துட்டு இருந்தேன்னு கேட்டான். மூணாவதுன்னேன். எனக்கெங்க தெரியும், சும்மா சொன்னதுதான்.”

அவன் ஏழாவதாக வந்துகொண்டிருந்தான். நான் அதைச் சொல்லவில்லை.

“இத ஏன் அன்னிக்கே சொல்லல? இத்தன வருஷம் ஒங்கள நான் எப்படியெல்லாம் திட்டியிருக்கேன்.”

“சொன்னா அடுத்து நீ எதக் கேப்பன்னு எனக்குத் தெரியும்.”

அதைத்தான் கேட்டேன். “பெல்ட் தளர்வா இருந்துச்சா?”

“வெட்டுனேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“வெட்டுற அவசரத்துல அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க.”

இருபதடி தூரத்தில் ஒரு காரில் திருகாணி ஒன்று குறைந்தால் கண்டுபிடிக்கிறவர் அவர். பத்தொன்பது வருஷம் விரலை விட்டுப் பார்த்தவர். போர்வையின் மேல் கிடந்த அந்தக் கையைப் பார்த்தேன். மறுபடி கேட்கவில்லை.

அப்போது இருமல் வந்தது. நிற்கவில்லை. துண்டில் சிவப்பாகப் பட்டது. வெளியே ஒரு கார் வந்து நின்றது, சர்ச்சுப் பெண்கள் இரண்டு பேர் கையில் தட்டோடு இறங்கி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். வெல்டா ஒரு விரலை உயர்த்தி ஜன்னலைக் காட்டினார். எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினேன். பழக்க தோஷம், இரண்டு கையாலும் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி அப்படியே நின்றுவிட்டேன்.

“கிளெட்” என்றார். “துணிய விடு. திரும்பி, என்னப் பாத்து நில்லு.”